சோப்புக்குள் சிக்கிய சாட்சி

வீட்டில் கிளிசரின் சோப்பு செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறத்தைப் பற்றியும் மணத்தைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அதன் ஒளிபுகும் தன்மையைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். சாதாரண சோப்பு தனக்குள் விழுந்ததையெல்லாம் பெருந்தன்மையோடு மறைத்துக்கொள்ளும். கிளிசரின் சோப்போ எதையும் மறைக்கத் தெரியாத பிறவி.

எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கொண்டு முதலிலிருந்து செய்யும் முறையை நானும் மகளும் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டோம். காஸ்டிக் சோடா பட்டால் தோல் வெந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, சோப்பு தெளிவாக வருவதற்காக அதில் ஆல்கஹால் வேறு சேர்க்க வேண்டும். தீப்பற்றக்கூடிய ஆவியை அடுப்பங்கரையில் நிரப்பிக்கொண்டு அழகுப் பொருள் செய்யும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. உருக்கி ஊற்றினாலே போதும் என்ற நிலையில் கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி வந்தோம்.

இவ்வளவு எச்சரிக்கையும் என் கணவருக்குப் போதவில்லை. கிளிசரின் என்ற பெயர் காதில் விழுந்ததுமே கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, 1847இல் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இத்தாலிய வேதியியலாளர் இதே கிளிசரினிலிருந்துதான் நைட்ரோகிளிசரினை உண்டாக்கினார் என்றும், அதை வைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார் என்றும் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தார். "அதற்கு நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் வேண்டும் அப்பா, நம் வீட்டில் இரண்டுமே இல்லை" என்று மகள் சொன்னாள். "இல்லை என்று நீ எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, சோப்பு உருகும்போது தாமே அருகில் இருந்து கண்காணிக்கப்போவதாகச் சொன்னார்.

சோப் பேஸைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் போட்டு உருக்கினோம். அறுபது டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது. கொதிக்கவிட்டால் அதிலுள்ள நீர் வற்றி, சோப்பு மங்கலாகிவிடும். இந்த விவரத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. கையில் வெப்பமானியுடன் நின்ற என் கணவர், நிமிடத்துக்கு ஒரு தரம் பாத்திரத்துக்கு நேர்மேலே தலையை நீட்டிக் குனிந்து பார்ப்பதும், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததும் நிமிர்ந்து துடைப்பதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். ரோஜா இதழ்களையும் போட்டால் என்ன என்று அத்தை கேட்டார்கள். பச்சை இதழ் சோப்புக்குள் சில நாட்களில் பழுப்பாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்; கேட்கவில்லை. அவர்களுக்கென்று ஒன்றில் மட்டும் போட்டுக் கொடுத்தோம், அது சொன்னபடியே பழுத்தது. கிலோவுக்கு இருபது மில்லி என்ற அளவில் வாசனை எண்ணெய் கலந்து, சிலிக்கோன் அச்சுகளில் ஊற்றி, மேலே மிதந்த குமிழிகளின் மீது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்ததும் அவை பட்டுப்பட்டென்று உடைந்து மறைந்தன. அப்போதும் ஏதோ வெடிக்கிறது என்று ஒருவர் இரண்டடி பின்வாங்கினார்.

மறுநாள் அச்சிலிருந்து எடுத்த சோப்பு ஒன்றை மகள் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே நட்டநடுவில் ஒரு முடி இருந்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்த முடி வேர்ப்பக்கம் வெள்ளை வெளேரென்றும், அதற்கு மேல் மிகுந்த நம்பிக்கையுடன் கருகருவென்றும் இருந்தது.

விசாரணை கூடத்தில் நடந்தது. அத்தையின் தலைமுடி முழுவதும் வெள்ளை. மகளுடையது முழுவதும் கறுப்பு. என்னுடையது இடுப்பைத் தொடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவு ஏன் நெடுநேரம் தாழிடப்பட்டிருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. அவர் சோப்பை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சோப் பேஸ் செய்த இடத்திலேயே இது விழுந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பிறகு, இந்த வகைச் சோப்பை மறுபடியும் உருக்கி வடிகட்டிவிடலாமே என்று, அதுவரை காட்டாத தொழில்நுட்ப ஆர்வத்துடன் கேட்டார். சாட்சியைக் கலைக்கக் கூடாது என்று மகள் மறுத்துவிட்டாள். "விடுடா, உன் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் நரைத்தது" என்று அத்தை ஆறுதல் சொன்னதுதான் அவரை அதிகம் காயப்படுத்தியது.

அடுத்த வாய்ப்பு தானாகவே வந்தது. திறந்து வைத்திருந்த சோப்புகளின் மேல் ஒரு காலையில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. கெட்டுப்போய்விட்டது, எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாம், குறிப்பாக அந்த ஒன்றை, என்றார் அவர். கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் மழைக்காலத்தில் இப்படி வியர்ப்பது இயல்புதான், சோப்புக்கு ஒரு கேடும் இல்லை. துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்தோம். சுற்றியபின் முடி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகுதான் அவர் அந்தச் சோப்பைத் தமக்கே ஒதுக்கிக்கொண்டார். இயற்கையானது, சருமத்துக்கு நல்லது என்றெல்லாம் காரணம் சொல்லி இரண்டு வேளையும் குளித்தார். வெளியில் எங்கும் போகாத நாளிலும் குளித்தார். கிளிசரின் சோப்பு தண்ணீரில் கிடந்தால் விரைவில் கரையும் என்று எங்கோ படித்தவர், சோப்புப் பெட்டியில் வேண்டுமென்றே நீர் தேக்கி வைத்தார். மகள் அதற்குப் பதிலாக அடியில் துளையிட்ட பெட்டியை வைத்தாள். இந்தப் போட்டியில் சோப்பு வில்லையாகத் தேய்ந்து, கடைசியில் முடி மேலே எட்டிப் பார்த்த காலைப் பொழுதில், குளியலறைக்குள்ளிருந்து சீழ்க்கையொலி கேட்டது.

அன்று மாலை, அடுத்த தடவைக்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது, சோப் பேஸுக்கும் வாசனை எண்ணெய்க்கும் கீழே, அவருடைய கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: தலையுறை, ஒன்று.