ஆம்பளைக்கும் வரும்

2007-இல் மைக் பார்ட்டைன் என்ற அமெரிக்கருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 39. மனைவி கட்டிப்பிடித்தபோது மார்புக் காம்புக்குப் பக்கத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் கிடையாது. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்தான், அவர்களிலும் பெரும்பாலானோர் அறுபதைத் தொட்டவர்கள். அப்புறம் இவருக்கு ஏன்?

கொஞ்ச நாளில் அவருடைய அப்பா போன் செய்து டிவியைப் போடச் சொல்கிறார். ஒன்பது வயது மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற முன்னாள் மரீன் வீரர், வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் ராணுவ முகாமின் குடிநீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பார்ட்டைன் பிறந்ததே அந்த முகாமில்தான்!

1950-களில் தொடங்கி 80-கள் வரை அந்தத் தண்ணீரில் இயந்திரங்களின் கிரீஸைக் கழுவும் கரைப்பானும், பக்கத்து ட்ரை கிளீனிங் கடையின் கழிவும் கலந்திருந்தன. ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற அந்தக் கரைப்பான் இன்று அமெரிக்காவில் குடிநீரில் நூறு கோடிக்கு 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 1982-இல் எடுத்த ஒரு மாதிரியில் 1,400 இருந்தது. கர்ப்பிணிகள் குடித்த தண்ணீர் அது, நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஒருவருக்கு இதனால்தான் நோய் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்வது கஷ்டம். ஆனால் பார்ட்டைன் தேடத் தேட, அதே முகாமில் இருந்த, அதே நோய் வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள், அவர்களில் சிலர் சட்டையைக் கழற்றி அறுவைத் தழும்பு தெரிய ஒரு காலண்டருக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த மனிதர்கள் மேல் அவ்வளவு மரியாதை. கூச்சப்பட்டு ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால், முகாமில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை தரச் சொல்லும் 2012 சட்டத்தில் மார்பகப் புற்றுநோய் இடம்பெற்றிருக்குமா, தெரியவில்லை.

இதைப் படிக்கிற தம்பிகளே, பருவ வயதில் மார்பு கொஞ்சம் வீங்குவது சகஜம், பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, அதிலிருந்து ரத்தம் கசிவது இதெல்லாம் வேறு. வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் உள்ள கோளாறு மகனுக்கும் இறங்கலாம். ஸ்கேன், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்-ரே, கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லாமே ஆண்களுக்கும் செய்வார்கள்.