தோலோடுதான் சோதனை
பழத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் இவ்வளவு என்று ஓர் எண்ணைப் படித்ததும் பதறுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் பழத்தைக் கழுவுவதில்லை. பொதுவாக ஆரஞ்சு, வாழையைக்கூடத் தோலோடுதான் அரைக்கிறார்கள். நாம் உரித்துத் தின்னும் சுளையில் உள்ள எச்சத்தின் அளவு அல்ல அந்த எண்.

எச்சத்தைப் பிரித்தெடுக்க 2003-இல் வெளியான குவெச்சர்ஸ் முறைக்கு அந்த விழுதில் 10 கிராம் போதும். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்தால் நீர் பிரிந்துவிடும். எச்சம் கரைப்பானில் தங்கும். பிறகு, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரைகூடக் கண்டுபிடிக்கிறது. எவ்வளவு அருமையான வேலை!

ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி போன்றவை இந்த வலையில் சிக்குவதில்லை. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். ஆகவே 'எச்சம் இல்லை' என்ற அறிக்கையை யாராவது காட்டினால், எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள் என்ற பட்டியலையும் தயங்காமல் கேளுங்கள்.