அறுபதுக்குப் பின் மலாவிக்கு: எங்கள் இரண்டரை ஆண்டு ஊழியம்

2022 ஜூன் மாதம் நானும் என் கணவரும் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்கு ஊழியத்துக்காகப் புறப்பட்டபோது அவருக்கு 64 வயது, எனக்கு 62. அவர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணிப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மிஷன் மருத்துவமனை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். எங்கள் வீடு பனச்சமூட்டுக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது சாலைக்கு அப்பால், கேரளப் பகுதியில். ஓய்வு பெற்ற தம்பதியர் சிலர் தாங்களும் இப்படிப் போக முடியுமா, காகிதங்களை எப்படிச் சேர்ப்பது, அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போக வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குத் திடீரென்று வந்ததில்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் பகுதியிலுள்ள மயிலாடிக்கு வந்தார் என்பதை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம்தான் பிற்காலத்தில் மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. எவரெஸ்டுக்கு 1922இல் சென்ற குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், அதன் பிறகு எங்கள் பகுதியிலுள்ள நெய்யூர் மருத்துவமனையில் தங்கிவிட்டதைப் பாட்டி கதை போலச் சொல்வார். நாலு தலைமுறையாகப் பெற்றுக்கொண்டே இருந்தோம், ஒருமுறையாவது கொடுக்கப் போக வேண்டாமா என்று என் கணவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து, மாதந்தோறும் அதை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எங்கள் பயணச் செலவில் ஒரு பங்கு அந்த அரிசியிலிருந்து வந்தது. அதை நினைக்காமல் அங்கே ஒரு நாளும் நான் அடுப்பு மூட்டியதில்லை.

காகிதங்களில்தான் எங்களுக்கு அதிக நாள் போயிற்று. படிப்புச் சான்றிதழ்களுக்கு, அவற்றை வழங்கிய மாநிலத்திலேயே முதலில் சான்றொப்பம் பெற வேண்டும். அதன் பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது அயல்நாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று, கிடைக்கும். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒரு விதி இரண்டு பயணமாகிவிடுகிறது. என் பள்ளிச் சான்றிதழ் கேரளத்தில் வாங்கியது என்பதால் திருவனந்தபுரத்தில், வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசின் நோர்க்கா அலுவலகத்துக்குச் சென்றேன். என் கணவருடைய சான்றிதழ்களுக்காகச் சென்னைக்குச் சென்றோம். அதைவிடப் பெரிய இடர்ப்பாடு என் பெயர். பள்ளிச் சான்றிதழ்ப் புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது. திருமணச் சான்றில் கணவரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது. மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது ஒரு விதமாகவும் தமிழிலிருந்து போனபோது வேறு விதமாகவும் என் பெயரின் எழுத்துகளே மாறியிருந்தன. ஓர் அலுவலகத்தில் இவையெல்லாம் வெவ்வேறு பெண்களின் பெயர்கள் என்றே சொல்லிவிட்டார்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அரசிதழில் பெயரை வெளியிட்டு, பாஸ்போர்ட்டைத் திருத்தி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. பெயரைச் சரிசெய்யாமல் வேறு எந்த விண்ணப்பத்தையும் தொடங்காதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். நாங்கள் தலைகீழாகச் செய்ததால் காவல்துறைச் சான்றை இரண்டு முறை வாங்க நேர்ந்தது.

அடுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நாங்கள் எத்தியோப்பியா வழியாகப் பறக்க வேண்டியிருந்தது. அந்த நாட்டின் வழியே திரும்பி வருகிறவர்களிடம் இந்தியாவில் இந்தச் சான்றைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இதைப் போடுவார்கள் என்பதால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு இரவு ரயிலில் போனோம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம் என்பதை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்; முட்டை ஒவ்வாமை உண்டா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறோமா என்றெல்லாம் விசாரித்து, எங்கள் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்துப் பார்த்த பிறகே போட்டார். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதுமானது. வயதானவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

திருவனந்தபுரத்திலிருந்து மும்பை, அங்கிருந்து அடிஸ் அபாபா, பிறகு தெற்கு மலாவியிலுள்ள ப்ளாண்டயர் நகரம் என்று போய்ச் சேர்ந்து, முலஞ்சே மலையடிவாரத்திலுள்ள திருச்சபை மருத்துவமனைக் குடியிருப்பில் எங்களை இறக்கிவிட்டபோது தேயிலைத் தோட்டங்களின் மீது மழைத் தூறல் படிந்திருந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை வரும் அந்தக் குளிர்ந்த தூறலைச் சிப்பெரோனி என்கிறார்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணிக் கம்பளி ஒன்றுதான் எடுத்துச் சென்றிருந்தோம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, குடும்ப ஜெபம் முடித்து, அன்றைக்குத் தண்ணீர் வருமா மின்சாரம் இருக்குமா என்று பார்த்து அதற்கேற்ப நாளைத் திட்டமிடுவோம். குழாய் வறண்ட நாளில் அவர் வாளியோடு அடிகுழாய்க்குப் போவார். மின்சாரம் இல்லாத நாளில் கரி அடுப்பு. அவித்த மரச்சீனி (மரவள்ளி) கிழங்கையும் தேநீரையும் அங்கேயும் காலையுணவாகச் சாப்பிடுகிறார்கள். காந்தாரி மிளகாய் போன்ற சிறு மிளகாயும் கிடைக்கும் என்பதால் சம்மந்தி என்ற துவையல் அரைத்துக்கொண்டு நாங்கள் ஊர் நினைவில் சாப்பிட்டோம். மதியம் மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் ன்சீமா, மலாவி ஏரியிலிருந்து வரும் ஊசிப்பா என்ற சிறு மீன் கருவாடு, கீரை. என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ன்சீமாவைப் பாதியாகக் குறைத்துக் கீரையைக் கூட்டினோம். ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்துச் சென்றது எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

அங்கே முகமன் சொல்லாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. காலையில் ம்வாட்ஸுகா ப்வாஞ்சி, எப்படி விழித்தீர்கள், என்று கேட்பார்கள். நன்றாக விழித்தேன், நீங்கள்? என்று நாமும் திருப்பிக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து வார்டு வரை ஐந்து நிமிட நடை; முகமன்களோடு அது இருபது நிமிடம் ஆகும். முதல் மாதம் நேரம் வீணாகிறது என்று தவித்தேன். பிறகுதான், யார் வீட்டில் காய்ச்சல், யாருடைய குழந்தை பால் குடிக்கவில்லை என்பதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில்தான் எனக்குத் தெரியவருகிறது என்பதை உணர்ந்தேன்.

நான் பிரசவ வார்டில் வேலை செய்வதாக நினைத்துத்தான் போனேன். இரவுப் பணி மூன்று வாரம் செய்ததும் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. என் மகள் வயதுள்ள மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், என்னை உட்காரவைத்து, அகோகோ, நீங்கள் இனிமேல் கார்டியன்களிடம் இருங்கள் என்றார். அகோகோ என்றால் பாட்டி, தாத்தா, மரியாதைச் சொல். ஆனாலும் அன்று இரவு நான் அழுதேன், என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்து.

மலாவியில் நோயாளியோடு உறவினர் ஒருவர் வந்து தங்குவது வழக்கம். இவர்களைத்தான் கார்டியன் என்கிறார்கள். நோயாளிக்குச் சமைப்பது, துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. வார்டுக்குப் பின்னால் இவர்களுக்கென்று ஒரு கொட்டகை. விறகடுப்புகளும் பாய்களும் புகையுமாக இருக்கும். பிரசவத்துக்கு வந்த பெண்களின் கார்டியன்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே. குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிச் சூட்டைக் காக்கும் முறையை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தாய் களைத்த நேரத்தில் பாட்டி தன் மார்பில் கட்டிக்கொள்ளலாம், அதுவும் அதே சூடுதான் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் வந்த மலர்ச்சியை மறக்க முடியாது. நானே ஒரு குழந்தையைச் சிட்டெஞ்சே துணியில் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்து காட்டினேன். பீய்ச்சிய பாலைச் சிறு கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவது, ஊரில் நாம் ஏத்தங்காய்ப் பொடியில் கூழ் காய்ச்சுவது போல, பெரிய குழந்தைகளுக்குச் சோளமாவோடு சோயாவும் நிலக்கடலைப் பொடியும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவது, இதுதான் இரண்டரை ஆண்டும் என் வேலை. வயது ஒரு தடையாக இல்லாமல் தகுதியாக இருந்த இடம் அந்தக் கொட்டகை ஒன்றுதான். ஓர் இளம் செவிலியர் சொன்னால் கேட்காத பாட்டிகள், நரைத்த தலை சொன்னதால் கேட்டார்கள்.

என் கணவர் ஆக்சிஜன் செறிவூட்டிகளைப் பழுது பார்த்தார். மூலையில் தூசி படிந்து கிடந்தவற்றில் ஐந்தைத் திரும்ப ஓடவைத்தார். இரண்டு இளைஞர்களுக்கு அந்த வேலையைக் கற்றும் கொடுத்தார்.

2023 மார்ச் மாதம் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைத் தாக்கியது. நாள்கணக்கில் பெய்த மழையில் ப்ளாண்டயரின் மலைச்சரிவுகள் வீடுகளோடு சரிந்தன. எங்கள் பக்கத்துக் கிராமங்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. நாடு ஏற்கெனவே காலராவால் வாடிக்கொண்டிருந்தது. 2017இல் ஒக்கிப் புயலில் எங்கள் ரப்பரும் வாழையும் சாய்ந்ததையும், கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்து நின்ற பெண்களையும் பார்த்திருந்ததால், அந்தக் கொட்டகையில் வந்து நிறைந்த மக்களின் மௌனம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்ததும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கியதும்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் மலாவி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது; ஒரு டாலரின் குவாச்சா விலை சுமார் 44 விழுக்காடு உயர்ந்தது. ஊரிலிருந்து வரும் எங்கள் பணத்துக்கு முன்னைவிட அதிகக் குவாச்சா கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளமோ அப்படியே நிற்க, சோளத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த மிகுதி எங்களுடையதன்று என்று இருவரும் முடிவு செய்து, பஞ்ச மாதங்களான ஜனவரி முதல் மார்ச் வரை கொட்டகைக்குச் சோளமூட்டை வாங்கிப் போட்டோம். கணவரின் ஓய்வூதியம் நின்றுபோகாதிருக்க ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அனுப்ப வேண்டும். அதற்காக ஒரு நாள் முழுவதும் பேருந்தில் பயணம் செய்து தலைநகர் லிலோங்வேயிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனோம். புறப்படுமுன் கருவூலத்தில் இந்த நடைமுறையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மிகக் கடினமான நாள் 2024 பிப்ரவரியில் வந்தது. மலாவி நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது; மகள் எப்போதும் அங்கே காலை ஆறு மணிக்கு அழைப்பாள். அன்று மூன்று மணிக்கே அழைத்தாள். என் அக்கா இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. விடிந்ததும் கொட்டகைப் பெண்கள் செய்தி அறிந்து வந்து, ஒன்றும் பேசாமல் என் வீட்டுத் தரையில் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் அடுப்பில் எனக்குக் கூழ் காய்ச்சினாள்.

2024 டிசம்பரில் திரும்பினோம். இப்போது எல்லைக்கு அப்பாலுள்ள சபையிலிருந்து ஒரு தம்பதியர் அதே மருத்துவமனைக்குப் போக ஆயத்தமாகிறார்கள். கணவர் மருந்தாளுநர், மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்த மனைவியின் பள்ளிச் சான்றிதழ்ப் புத்தகத்திலும் பெயர் வேறு விதமாக இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை நோட்டரியிடம் அவர்களோடு நானும் போகிறேன்.