ஊர்க் கணக்கும் ஆஸ்திரேலிய நேர்காணலும்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், பரமட்டா, வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம், எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "அண்ணா, அடுத்த வாரம் அக்கவுன்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ. எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்பார். ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. படிக்க வேண்டியது கொஞ்சம்தான், அதைச் சொல்லிவிடலாம். ஆனால் நம்மவர்கள் வாய்ப்பை நழுவவிடுவது அங்கே அல்ல. ஊரில் பல வருடம் பார்த்த வேலையைக் கேட்பவர் மனதில் பதியும்படி எடுத்துச் சொல்லத் தெரியாமல்தான் திரும்பி வருகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"உள்ளூர் அனுபவம் இல்லை" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் ஒடிந்தவர்கள் பலர். சிலர் விண்ணப்பத்தில் ஊர் அனுபவத்தையே இரண்டு வரியாகச் சுருக்கிவிடுகிறார்கள். செய்யவே கூடாத காரியம் அது. இங்கே உள்ளூர் என்று இருப்பது வரி விதிகள், கெடு தேதிகள், மென்பொருள் ஆகியவைதான். சில வாரம் ஊன்றி உட்கார்ந்தால் இவை பிடிபட்டுவிடும். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பட்டியலிடும் இருப்பாய்வில் ஒரு தொகையைப் பார்த்ததும் 'இது சரியில்லையே' என்று உறுத்துகிறதே, அந்த உணர்வைச் சில வாரத்தில் யாரும் கற்றுத்தர முடியாது. அதை ஈரோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்று வந்தவர் அதை மறைத்துவைக்க வேண்டிய அவசியம் என்ன?

முதலில் விதிகள். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஊழியர்களுக்குத் தரும் கார் போன்ற சலுகைகள் மீதான எஃப்பிடி வரிக்கு மட்டும் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஜிஎஸ்டி 2000ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒரே விகிதம், 10 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரை எட்டும் வணிகங்கள் பதிவு செய்தாக வேண்டும். ஜிஎஸ்டி, சம்பளத்தில் பிடித்த வரி இரண்டையும் 'பிஸினஸ் ஆக்டிவிட்டி ஸ்டேட்மென்ட்' என்ற படிவத்தில் வரி அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். இங்குள்ளவர்கள் சுருக்கமாக 'பேஸ்' என்பார்கள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்வோருக்குக் கெடு அக்டோபர் 28, பிப்ரவரி 28, ஏப்ரல் 28, ஜூலை 28. சூப்பர் என்னும் ஓய்வூதியச் சேமிப்புக்கு முதலாளி செலுத்த வேண்டிய பங்கு 2025 ஜூலை முதல் 12 சதவீதம். 2026 ஜூலை 1 முதல் அந்தப் பணம் சம்பள நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் சூப்பர் நிதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது புதிய சட்டம். சம்பளப் பட்டியலோடு தொடர்புள்ள வேலைக்குப் போகிறவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஆனால் இந்த எண்களை ஒப்பித்தால் வேலை கிடைக்காது. நான் எல்லோருக்கும் ஒரு பயிற்சி சொல்வேன். கற்பனையாக ஒரு காபிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மூன்று மாதக் கணக்கை நீங்களே எழுதி, பேஸ் படிவத்தை நிரப்புங்கள். ஸீரோ (Xero) என்ற கணக்கு மென்பொருளில் பழகிப் பார்ப்பதற்கென்றே 'டெமோ கம்பெனி' என்ற மாதிரி நிறுவனம் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் வங்கிப் பரிவர்த்தனைகளைச் சரிகட்டிப் பார்க்கலாம். காபிக் கடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடை வாங்கும் பால், ரொட்டி, முட்டை, காபிக் கொட்டை ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதே கடை விற்கும் சூடான காபிக்கும் கேக்குக்கும் உண்டு. கடை வாடகையில் ஜிஎஸ்டி இருக்கும், வங்கிக் கணக்கின் மாதக் கட்டணத்தில் இருக்காது, வங்கி அட்டை இயந்திரத்துக்கு வாங்கும் கட்டணத்தில் மறுபடி இருக்கும். காப்பீட்டுப் பிரீமியத்தில் முத்திரைத் தீர்வை கலந்திருக்கும், அந்தப் பகுதிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கடை திரும்பக் கோரலாம். காலாண்டில் வரி உட்பட 22,000 டாலருக்குக் கொள்முதல் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வரி சேர்ந்த விலையில் 11இல் ஒரு பங்கு வரி. அவசரக்காரர் அதைப் 11ஆல் வகுத்து 2,000 டாலர் ஜிஎஸ்டியைத் திரும்பக் கோருவார். அதில் 13,200 டாலர் பாலும் முட்டையும் காபிக் கொட்டையும் என்றால், கோர வேண்டிய தொகை 800 டாலர் மட்டுமே. இந்த ஒரு உதாரணத்தைத் தன் கையால் போட்டுப் பார்த்தவரிடம் "பேஸ் தயாரித்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "நிறுவனத்துக்காக இன்னும் தாக்கல் செய்ததில்லை. ஒரு காலாண்டை முழுமையாகத் தயாரித்துப் பார்த்தேன். வரியில்லாத கொள்முதலைப் பிரிப்பதில்தான் கவனம் வேண்டும் என்று புரிந்தது" என்று நேர்மையாகச் சொல்ல முடியும். கேள்வி கேட்பவருக்கு அந்தப் பதில் போதும்.

இனி, நம்மவர்கள் தடுமாறும் இடம். இங்கே நேர்காணலில் பாதி நேரம் "நீங்கள் சந்தித்த ஒரு சூழலைச் சொல்லுங்கள்" என்ற வகைக் கேள்விகளிலேயே போகும். கெடு நெருங்கும்போது கண்டுபிடித்த பிழை, ஒத்துழைக்காத சக ஊழியர், மேலாளரோடு வந்த கருத்து வேறுபாடு என்று கேட்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்ற நான்கும் பதிலில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வந்த தங்கை ஒருவர். பரமட்டா நூலகத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். நீங்களாகக் கண்டுபிடித்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றேன். "அப்படிப் பெரிதாக எதுவும் இல்லை அண்ணா. மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், சரியாகிவிடும்" என்றார். சரி, மாதக் கடைசியில் உங்கள் மேசையில் என்ன இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

இந்தியாவில் விற்றவர் தன் பில்லை அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு, கிடைக்கும். கொள்முதல் பதிவேட்டையும், அப்படி ஏற்றிய பில்களைப் போர்ட்டல் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலையும் வரி வரியாக ஒப்பிடுவது இவருடைய வேலை. நூல் வியாபாரி ஒருவரின் பில்கள் தொடர்ந்து பட்டியலில் வரவில்லை என்று கண்டது இவர். அந்த வியாபாரிக்குத் தரவேண்டிய தொகையில் வரிப் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்ததும், வியாபாரியின் குமாஸ்தாவோடு போனில் உட்கார்ந்து விடுபட்ட பில்களை ஏற்ற வைத்ததும் இவர்தான். பிறகு எல்லா வியாபாரிகளுக்கும் அதே சோதனையை மாதாந்திர நடைமுறையாக்கியிருக்கிறார். இத்தனையும் செய்தவர் 'பெரிதாக எதுவும் இல்லை' என்கிறார்! தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வளர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது தற்பெருமை ஆகாது.

அந்தக் கதையை இங்குள்ள நடைமுறையோடு முடிச்சுப் போட்டோம். ஆஸ்திரேலியாவில் அப்படிப் பில்லுக்குப் பில் ஒப்பிடும் போர்ட்டல் இல்லை. 82.50 டாலருக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு முறையான வரி விலைப்பட்டியல் கையில் இருக்க வேண்டும், அதை வைத்து நாமே கணக்கிட்டுக் கோருகிறோம். ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு முழுக்கக் கணக்காளர் தலையில்தான். விற்றவரின் வணிக அடையாளமான 11 இலக்க ஏபிஎன் எண் சரியானதா, அவர் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருக்கிறாரா என்பதை ஏபிஎன் லுக்கப் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். 75 டாலருக்கு மேற்பட்ட வணிகப் பட்டுவாடாவுக்கு ஏபிஎன் தராதவரிடம் பொதுவாக 47 சதவீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும். திருப்பூரில் பில்லுக்குப் பில் துருவியவருக்கு இது கைவந்த கலை. தங்கை இதை இப்படியே சொன்னார். வேலை கிடைத்தது என்று போன் வந்தபோது, என் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததுபோல் இருந்தது.

இன்னும் இரண்டு கேள்விகளை எதிர்பார்த்துப் போங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது, என்ன செய்வீர்கள்? அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. நம் பதிவேட்டில் முன்பே இருக்கும் எண்ணை அழைத்து, தெரிந்த ஆளிடம் உறுதி செய்துகொண்டு, இன்னொருவர் ஒப்புதலோடுதான் மாற்ற வேண்டும். அடுத்தது, ஜூன் மாதச் செலவு ஒன்றை ஜூலையில் போடச் சொல்கிறார் மேலாளர். இதற்கு உடனே புகார் கொடுப்பேன் என்று வீரம் பேசுவதும், சொன்னபடி செய்வேன் என்பதும் எடுபடாது. சரக்கோ சேவையோ ஜூனில் வந்திருந்தால் அது ஜூன் செலவுதான் என்று ஆதாரத்தோடு மேலாளரிடம் பேசுவேன், அவர் கேட்காவிட்டால் நிறுவனத்தில் அடுத்த நிலையில் இருப்பவரிடம் கொண்டுபோவேன் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சிபிஏ ஆஸ்திரேலியா என்ற கணக்காளர் அமைப்பின் உறுப்பினர்களும் சார்ட்டர்ட் கணக்காளர்களும் கட்டுப்பட்டிருக்கும் ஒழுக்கநெறி ஆவணம் ஏபிஇஎஸ் 110. அதன் முதல் கொள்கை நேர்மை. அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

மற்றவை சின்ன விஷயங்கள். தேர்வாளர்களைப் பெயர் சொல்லியே அழைக்கலாம், 'சார்' தேவையில்லை. நமக்கு நாக்கு கூசும், பழகிவிடும். லட்சம், கோடி என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிபடாது. விற்றுமுதலை டாலரில் மாற்றிச் சொல்லுங்கள், மாதத்துக்கு எத்தனை பில்கள், எத்தனை வங்கிக் கணக்குகள் என்று வேலையின் அளவைச் சொல்லுங்கள். எக்செல் சோதனை வைத்தால் பெரும்பாலும் லுக்கப் சூத்திரமும் பிவட் டேபிளும்தான் இருக்கும்.

சம்பளப் பேச்சில் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். '80,000 டாலர், சூப்பர் தனி' என்றால் அதற்கு மேல் 9,600 டாலர் உங்கள் சூப்பர் கணக்குக்குப் போகும். 'சூப்பர் உட்பட 80,000' என்றால் சம்பளம் ஏறக்குறைய 71,430 டாலர்தான். கணக்காளர் இதைக் கேட்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பணியமர்த்தல் கடிதம் தருவதற்கு முன் உங்கள் முன்னாள் மேலாளர்களைப் பெரும்பாலும் போனில் அழைத்து விசாரிப்பார்கள். ஊரில் இருப்பவர் பெயரைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அவரிடம் பேசி, எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், எந்தச் சம்பவங்களைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரிவித்துவிடுங்கள். சிட்னியில் காலை 10 மணி என்றால் சென்னையில் அதிகாலை 5.30, கோடைக்கால நேரத்தில் 4.30. அவரைச் சிட்னி நேரம் பிற்பகல் 3 மணிக்கு மேல் அழைக்கும்படி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மனிதர் உங்களைப் பற்றி விரிவாகப் பேசமாட்டார்.