ஆப்பை எடுத்தவன் உட்காரக் கூடாது

"அண்ணா, நான் இந்தப் பெட்டிக்குப் பின்னாலயே உக்காந்துக்கறேன், வந்தாங்கன்னா போட்டுடறேன்."

போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கேமிங் கடையில், பக்கத்து சீட்டில் இருந்த பிளஸ் டூ பையன் சொன்னது இது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி ஆட்டமான கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டஸ்ட் 2 மேப் (ஆட்டக் களம்), அவன் கையில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி. அதில் முக்கால்வாசி நேரம் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் போட்டபடி லாங் என்ற நீண்ட பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணி ஒரு ஸ்மோக்கை (புகைக்குண்டு) எறிந்து அந்தப் பார்வையை அடைத்துவிட்டு, ஷார்ட் என்ற இன்னொரு வழியாக ஏறி வந்து பக்கவாட்டிலிருந்து அவனை முடித்துவிட்டார்கள். ஐந்து தோட்டாவும் அப்படியே இருந்தன. அடுத்த ரவுண்டில் அவன் கீழே போட்ட அதே துப்பாக்கியை வைத்து எங்களில் இரண்டு பேரை எடுத்தார்கள்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்னைப்பர் என்றாலே ஒளிந்து உட்கார்ந்து காத்திருப்பது என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது, நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் ஆடினேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அணியில் முதலில் எழுந்து போக வேண்டிய ஆள் ஸ்னைப்பர்தான். முன்னே போக வேண்டும், ஒரு தோட்டா போட வேண்டும், அவர்கள் திருப்பிச் சுடுவதற்குள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. திரும்பி வரும் வழி தெரியாமல் முன்னே போகிறவனை நான் இதில் சேர்க்கவில்லை, அவன் சும்மா ஓடுகிறான்.

எங்கள் கடையில் ஏடபிள்யூபிக்குப் பெயர் ஆப்பு. உலகம் முழுக்க இங்கிலீஷில் கிட்டத்தட்ட அந்த ஓசையில்தான் சொல்கிறார்கள், ஆனால் சேலத்தில் சொல்லும்போது பொருளும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதன் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். விலை ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில் 4,750. காலில் பட்டால் மட்டும் தப்பிக்கலாம், மற்றபடி உடம்பில் எங்கே பட்டாலும் ஒரே தோட்டாதான். ஆனால் ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். மேகஸினில் முன்பு 10 இருந்தது, 2022 நவம்பரில் 5 ஆக்கினார்கள். ஏகே-47ஆல் ஒருவரைக் கொன்றால் 300 கிடைக்கிறது, ஆப்பால் கொன்றால் 100தான். இவ்வளவு செலவு செய்து வாங்கிய பொருளை வைத்துக்கொண்டு, எதிரி நம் வாசலுக்கு வரட்டும் என்று உட்கார்ந்தால், எப்போது வருவது, எந்த வழியில் வருவது, எத்தனை பேராக வருவது என்று எல்லாவற்றையும் அவனே தீர்மானிக்கிறான். ஐந்து பேரும் சேர்ந்து வந்தால் அந்த ஒன்றரை விநாடியில் நம் கதை முடிந்தது. அதே ஐந்து பேர் ரவுண்டின் ஆரம்பத்தில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது போய் ஒருவரை எடுத்துவிட்டால் மீதி ரவுண்டு ஐந்துக்கு நான்கு. அவர்கள் போட்டு வைத்த திட்டமும் குலைந்துவிடும்.

சரி, எப்படிப் போவது?

ஏற்காடு ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பாறையை ஒட்டியே போய்த் திரும்பினால், மேலேயிருந்து இறங்கி வரும் வண்டி நம் முகத்துக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரியும். அனுபவம் உள்ள பஸ் டிரைவரைக் கவனியுங்கள், வளைவுக்கு முன்னாலேயே வண்டியை வெளிப்பக்கமாக விலக்கிக்கொள்வார். அதனால் வளைவின் மறுபக்கம் அவருக்குச் சீக்கிரமே திறந்துவிடும். ஆட்டத்திலும் இதே கணக்குதான். சுவர் முனையை ஒட்டி நிற்பவனின் தோளும் துப்பாக்கிக் குழலும் முதலில் வெளியே தெரிகின்றன, முனையிலிருந்து விலகி நிற்பவன்தான் முதலில் பார்க்கிறான். புதிதாக ஆடுகிறவர்கள் பயத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. உண்மையில் அது தன்னை முதலில் காட்டிக்கொள்ளும் வழி. இரண்டு அடி பின்னால் வந்து, அகலமாக வெளியே வாருங்கள்.

அகலமாக, வேகமாக வருவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அசையாமல் நிற்பவன் என் திரையில் நான் வெளியே வந்த கணமே தெரிந்துவிடுகிறான், அவன் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறான். நான் வெளியே வந்த செய்தியோ என் கணினியிலிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து அவன் கணினிக்கும் போன பிறகுதான் அவன் திரையில் வரும். இரண்டு பேருக்கும் பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 30 மில்லிவிநாடி என்றால் குறைந்தது 30 மில்லிவிநாடி நான் முந்திக்கொள்கிறேன். கண்ணால் பார்த்து விரல் அசைவதற்கே நமக்கு 200 மில்லிவிநாடி அளவுக்கு ஆகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சேலத்திலிருந்து ஆடும் நமக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருப்பது பெரிய வசதி, அதைப் பயன்படுத்தாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரக் கூடாது. ஆப்பைக் கையில் வைத்து ஓடினால் ஆட்டத்தின் கணக்கில் வேகம் 200, ஸ்கோப் போட்டால் அது 100. கத்தியோடு ஓடினால் 250. 2015 வரை ஸ்கோப் போட்டபடியே ஓரளவு வேகமாக நடக்க முடிந்தது, பிரான்ஸின் கென்னிஎஸ் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதில் ஆடிய ஆட்டம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த வருஷம் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் இப்போது வரிசை இப்படித்தான்: ஸ்கோப் இல்லாமல் ஓடி வருகிறோம், வலது பக்கம் போக கீபோர்டில் டி அழுத்தியிருக்கிறோம், அதை விட்டுவிட்டு இடது பக்கத்துக்கான ஏ-யை ஒரே ஒரு தட்டு. உடம்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிற்கும்போதே ஸ்கோப், அது தெளிந்தவுடன் தோட்டா. ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கேயோ போகும், ஸ்கோப் தெளிவதற்குள் அவசரப்பட்டாலும் அப்படியே. இந்த வரிசையில் கை பழக எனக்கு நான்கு மாதம் ஆனது. தினமும் அரை மணி நேரம் டெத்மேட்சில் (செத்தாலும் உடனே எழுந்து ஆடும் வகை) இதை மட்டும் செய்தேன், ஸ்கோர் பக்கமே பார்க்கவில்லை.

எதிரே இன்னொரு ஆப்பு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால்? மறுபடியும் ஏற்காடு ரோட்டுக்கே வருகிறேன். வளைவில் ஹாரன் அடித்துவிட்டு, மேலேயிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுப்போம் இல்லையா, அதே மாதிரி முதலில் தோளை மட்டும் ஒரு கணம் வெளியே காட்டி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எதிரி பதற்றத்தில் சுட்டுவிடுவான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஒன்றரை விநாடி நம்முடையது. அவன் அடுத்த தோட்டாவுக்காகப் போல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கிறான், இப்போது அகலமாக வெளியே வந்து நின்று நிதானமாகச் சுடலாம். அவன் ஏமாறாமல் சுடாமலே இருந்தால், அங்கே கெட்டிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற தகவலாவது அணிக்குக் கிடைத்தது. அப்புறம் ஃப்ளாஷ் (கண்ணைக் கூசவைக்கும் குண்டு) எறியச் சொல்லித்தான் போக வேண்டும், தனியாக வேண்டாம்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மிக முக்கியம். சுட்ட பிறகு என்ன செய்வது?

எங்கள் வீட்டுத் தொழில் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்பேட்டையில் சின்னப் பட்டறை. பள்ளி விடுமுறைகளில் அப்பா என்னைப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊத உட்கார வைப்பார். கண்ணியின் வாய் சேரும் இடத்தில் பொடி வைத்துத் தீயைக் காட்டினால், முதலில் ஒன்றும் நடக்காது. வெள்ளி மங்கும், அப்புறம் மெல்லச் சிவக்கும். திடீரென்று பொடி பளிச்சென்று உருகி, தண்ணீர் மாதிரி அந்த இடுக்கில் ஓடும். அந்தப் பளிச்சைப் பார்த்த கணமே தீயை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்க மாட்டேன், சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணியே சுருண்டு உருண்டையாகிவிடும். "எடு, எடு, எடுடா!" என்று அப்பா கத்துவது இன்னும் காதில் இருக்கிறது.

ஆப்பு பிடித்த பிறகு எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. சுட்டவுடன் எதிரி விழுந்தானா என்று நின்று பார்க்கிறோம். விழுந்திருந்தால் திரையின் மூலையில் பெயர் வரும், விழாவிட்டால் நின்று பார்ப்பதால் ஒன்றும் ஆகப் போவதில்லை, ஒன்றரை விநாடிக்கு நம் கையில் இருப்பது வெறும் இரும்பு. தோட்டா கிளம்பிய கணமே கத்திக்கு மாறுங்கள், ஸ்கோப் விலகும், வேகம் 250 ஆகும், சுவருக்குப் பின்னால் வந்துவிடலாம். பிறகு ஆப்பை எடுத்துக்கொண்டு வேறு முனைக்குப் போங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது முறை தலை நீட்டுவதே ஆபத்து, மூன்றாவது முறை நீட்டினால் தோட்டா நமக்கு முன்னால் அங்கே காத்திருக்கும்.

ஒரு முறை கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் கடைசி ரவுண்டு, மிராஜ் மேப், நாங்கள் நான்கு பேர், அவர்கள் மூன்று பேர். களத்தின் நடுப்பகுதியான மிட்டில் ஒருவனை எடுத்துவிட்டேன், நான்குக்கு இரண்டு. அங்கேயே பின்வாங்கியிருந்தால் ரவுண்டு எங்களுடையது. பின்னால் வந்தவனையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று ஸ்கோப்பை விலக்காமல் நின்றேன். என்னைக் கொன்று ஆப்பை எடுத்துக்கொண்டான், அதை வைத்து அவன் எங்கள் மூன்று பேரையும் முடித்தான். இரண்டு வருஷம் ஆகிறது. ஆள் கணக்கில் நாம் முன்னே இருக்கும்போது பாய வேண்டிய அவசியம் எதிரிக்குத்தான் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

பெயர்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் சிம்பிளின் நோ-ஸ்கோப்பைப் பற்றிப் பையன்கள் எப்போதும் கேட்பார்கள். 2016, கொலோன் போட்டி, அப்போது அவர் லிக்விட் அணியில். ஃப்னாட்டிக் அணிக்கு எதிராக கேஷ் மேப்பின் பி சைட்டில் (குண்டு வைக்கும் இடங்களில் ஒன்று) மேலேயிருந்து குதித்து விழுந்துகொண்டே ஸ்கோப் போடாமல் ஒருவரை, தரையைத் தொட்டதும் இன்னொருவரை எடுத்தார். அந்த இடத்தின் சுவரிலேயே அதற்கு ஓவியம் வரைந்து வைத்தார்கள். நானும் அதை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். ஆனால் பழகுவதற்கு அது பாடம் கிடையாது. ஸ்கோப் இல்லாத ஆப்பு மிகக் கிட்டத்தில் தவிர எங்கும் நம்ப முடியாது. வேறு வழியே இல்லாதபோது அவர் அதைச் செய்தார், நாம் ஆசைக்காகச் செய்கிறோம்.

போனில் ஆடுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் அங்கிருந்து வந்தவன்தான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்யும் வரை என் கையில் கார்98 ஸ்னைப்பர்தான் இருக்கும், 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்ததும் மறுபடி அதைத்தான் தேடினேன். அங்கே தோட்டா பறக்க நேரம் எடுக்கும், 200 மீட்டருக்குக் கால் விநாடிக்கும் மேல், அதனால் ஓடுகிறவனுக்கு முன்னால் குறி வைக்க வேண்டும். செட்டிங்கில் போல்ட் துப்பாக்கிக்கு விரலை எடுத்தால் சுடும் முறை ஒன்று இருக்கிறது, அதற்கு மாறுங்கள். பட்டனை அழுத்தியபடியே மரத்துக்குப் பின்னாலிருந்து சாய்ந்து வந்து, குறி சேர்ந்ததும் விரலை விட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடலாம். கைரோவையும் (போனை அசைத்துக் குறி வைப்பது) பழகிக்கொள்ளுங்கள், முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் மறுபடி வந்தான். மிராஜ். விண்டோ ரூமில் அவன், எதிரே டாப் மிட்டில் ஓர் ஆப்பு. ஜன்னல் ஓரத்தில் தோளைக் காட்டி உள்ளே இழுத்தான். டமார் என்று சத்தம். வெளியே வந்தான், நின்றான், சுட்டான், கத்திக்கு மாறி உள்ளே போய்விட்டான். திரையின் மூலையைக் கூட அவன் பார்க்கவில்லை.

"அண்ணா, விழுந்துட்டானா?"

"விழுந்துட்டான்டா, நீ இடத்த மாத்து" என்று திரும்பினேன். அவன் அதற்குள் ஜங்கிள் பக்கம் பாதி தூரம் ஓடியிருந்தான்.