தூதரகத்தில் யார் பெரியவர்?

1661 செப்டம்பரில் லண்டன் தெருவில் ஸ்பெயின் தூதரின் ஆட்களும் பிரான்ஸ் தூதரின் ஆட்களும் ஆயுதங்களோடு மோதிக்கொண்டார்கள், ஆட்களும் செத்தார்கள், குதிரைகளும் செத்தன. சண்டை எதற்கு என்றால், புதிதாக வந்திறங்கிய சுவீடன் தூதரின் ஊர்வலத்தில் யாருடைய வண்டி முன்னால் போவது என்பதற்கு! என் அரசர் பெரியவரா உன் அரசர் பெரியவரா என்ற இந்த வீம்புக்கு 1815-ல் வியன்னா மாநாட்டில்தான் ஒரு வழி கண்டார்கள். தூதர்களை வகுப்புகளாகப் பிரித்துவிட்டு, ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்குள் யார் முதலில் வந்து பதவி ஏற்றாரோ அவரே மூத்தவர் என்று வைத்தார்கள். 1961 வியன்னா ஒப்பந்தத்திலும் அதே விதிதான்.

அதாவது நாட்டின் பருமனுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. 1988-ல் வாஷிங்டனுக்குப் போன, ஜிபூட்டி என்ற சின்ன ஆப்பிரிக்க நாட்டின் தூதர் ரோப்லே ஒல்ஹாயே 2015-ல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார், அதனால் கடைசிப் பல ஆண்டுகள் அந்த ஊரின் எல்லாத் தூதர்களுக்கும் அவர்தான் தலைமை. ராஜதந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

சரி, தூதருக்குக் கீழே? துணைத் தலைவர், மினிஸ்டர், கவுன்சிலர், அப்புறம் முதல், இரண்டாம், மூன்றாம் செயலாளர்கள், அட்டாஷே. பெயர்களும் படிகளும் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆனால் இந்தப் படியை வைத்து ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல முடியாது. ஒரு முதல் செயலாளர் உள்ளூர் அரசியலைக் கவனித்து அறிக்கை அனுப்புவார், பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு முதல் செயலாளர் வர்த்தகம் பார்ப்பார், மூன்றாமவர் விசா பிரிவில் இருப்பார். அட்டாஷே என்றதும் கடைசிப் படி என்று நினைத்துவிடக் கூடாது, ராணுவ அட்டாஷே பல சமயம் கர்னல் அல்லது பிரிகேடியராக இருப்பார்.

செய்தியில் கவனிக்க வேண்டியது பொறுப்புத் தூதர் என்ற பதவியை. தூதர் விடுப்பில் போனாலும் பொறுப்புத் தூதர்தான் பார்த்துக்கொள்வார், அது சாதாரண விஷயம். வருடக்கணக்கில் அவரே நீடித்தால் இரு நாடுகளுக்கும் இடையே ஏதோ சரியில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். 2008-ல் பொலிவியா அமெரிக்கத் தூதரை வெளியேற்றியது, பதிலுக்கு அமெரிக்காவும் பொலிவியத் தூதரை அனுப்பிவைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் இரண்டு தலைநகரங்களிலும் பொறுப்பாளர்களே காலம் தள்ளினார்கள். உறவை அறுக்காமலேயே கோபத்தைக் காட்ட இது வசதியான வழி.

கான்சுலேட் தனி ஏணி. கான்சல் ஜெனரல், கான்சல், வைஸ் கான்சல், கான்சுலர் ஏஜென்ட் என்ற நான்கு படிகளை 1963-ல் வந்த இன்னொரு வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. தூதரகம் தலைநகரில் அரசோடு பேசும், கான்சுலேட் மற்ற பெரிய நகரங்களில் மக்களோடும் காகிதங்களோடும் மல்லுக்கட்டும். சட்டப் பாதுகாப்பும் வேறு. தூதரைக் கைது செய்யவே முடியாது. கான்சலுக்கோ அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும்தான் விலக்கு, கடுமையான குற்றம் என்றால் நீதிமன்ற உத்தரவோடு அவரைப் பிடிக்கலாம்.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தாலோ போலீஸ் பிடித்தாலோ நமக்கு வேண்டியவர் தூதர் இல்லை, இந்தக் கான்சுலர் அதிகாரிதான். சிறைக்கு வந்து பார்ப்பார், வீட்டுக்குத் தகவல் சொல்வார், வக்கீல் ஏற்பாடு செய்ய உதவுவார். விடுதலை செய்யச் சொல்லி உத்தரவு போட அவரால் முடியாது. சில ஊர்களில் அவர்கூட இருக்கமாட்டார், கௌரவ கான்சல் ஒருவர்தான் இருப்பார். பெரும்பாலும் அந்த ஊரிலேயே தொழில் செய்பவர், சில சமயம் அந்த நாட்டுக் குடிமகனே. அவரிடம் போகும்முன் எந்தெந்த வேலைக்கு அவருக்கு அதிகாரம் உண்டு என்று போனில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பலருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும் அதிகாரம் கிடையாது.