பலாலியில் பெட்டி நிறுப்பது

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பலாலி விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பழக வேண்டியது பெட்டி நிறுப்பதுதான். சென்னைக்குப் போகும் ஏ.டி.ஆர் 72 சிறிய விமானம். சுமையில் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். எங்கள் சனமோ புழுக்கொடியல், பனாட்டு, வறுத்த மிளகாய்த்தூள் என்று கட்டிக்கொண்டு வரும். "பிள்ளை, இது மகளுக்குச் சரக்குத்தூள். பேறு பாக்கப் போறன், எடுத்து வைக்கச் சொல்லாதை" என்று ஓர் அம்மா கேட்டால் என்ன செய்வது? விதியை மாற்ற முடியாது. அதனால், கொண்டுவந்து விட்டவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்களா என்று முதலில் கேட்பேன். நின்றால், குறைக்கிற சாமான் குப்பைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பும். அப்புறம் அவரோடு சேர்ந்து பெட்டியைத் திறப்பேன். சரக்குத்தூள் போகும், சேலை ஒன்று நிற்கும். சிறிய நிலையம் என்பதால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கிறது.

இந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து மதராஸுக்குப் போகும் வழியில் இறங்கியதும் இங்கேதான். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. 1990இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் ஊரை விட்டு எழும்பியது. பலாலி முழுக்கப் படைத்தளமானது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடியிருந்த காலத்தில் கொழும்புக்குப் போவதற்குக் கப்பலை விட்டால் இந்தத் தளம்தான். 1998 செப்டம்பர் 29 அன்று இங்கிருந்து புறப்பட்ட விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சில மாதங்களில் கொரோனா மூடியது. 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானம் வந்தது.

கனடாவிலிருந்து சென்னை வழியாக வருகிறவர்களில் சிலர் முத்திரை குத்தியதும் வெளியே போக மாட்டார்கள். நின்று திசை பார்ப்பார்கள். "தம்பி, எங்கட காணி அந்த வேலிக்கு அங்கால" என்று ஒரு பெரியவர் என்னிடம் கை நீட்டினார். இளந்தாரியாக வெளிக்கிட்டவர், இப்போது தடி ஊன்றி நின்றார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி வரும். நீட்டினால் பெரிய விமானங்கள் இறங்கும், கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவிரவாகப் பஸ்ஸில் வருகிற அலைச்சல் பலருக்குக் குறையும். எனக்கும் அது வேண்டும். ஆனால் சுற்றியிருக்கும் காணிகளுக்கு இன்றைக்கும் உறுதிப்பத்திரம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தேவையில்லாமல் பிடித்து வைத்திருக்கும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எடுப்பதற்கு உரிய விலை கொடுக்க வேண்டும். அளவுக்கயிறு பிடிப்பது அதற்குப் பிறகு.